காப்புப் பிரதி என்ற சொல்லே இல்லாத விலைமனு: பெறுகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்து அரச அலுவலகங்களினதும் உள்ளூராட்சி மன்றங்களினதும் பெறுகைக் குழு உறுப்பினர்களுக்கும், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்களுக்கும்,

அண்மையில் எங்கள் மாவட்டத்து அலுவலகம் ஒன்று "இணையப் பாதுகாப்புத் தீர்வு" என்ற தலைப்பில் விலைமனு கோரியது. ஆவணம் ஒன்பது பக்கம். பயர்வோலின் (இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே காவலாக நிற்கும் பெட்டியின்) வேகம் எவ்வளவு, எத்தனை துவாரங்கள், உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம் எந்த வடிவில் வேண்டும் என்பதெல்லாம் வரி வரியாக இருந்தன. 60 கணினிகளுக்கு வைரஸ் தடுப்பு லைசன்ஸ் ஒரு வருடத்துக்குக் கேட்கப்பட்டது. பொருத்தி ஒப்படைக்க 14 நாள். விண்ணப்பிக்கும் நிறுவனம் தொடர்ச்சியாக 3 வருடம் பெருந்தொகை வியாபாரப் புரள்வு காட்ட வேண்டும். அந்த ஒன்பது பக்கத்தில் "காப்புப் பிரதி" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பொருத்திய பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதும் இல்லை.

இது ஓர் அலுவலகத்தின் தவறு மட்டும் என்றால் நேரில் போய்ச் சொல்லியிருப்போம். ஒரு ஆவணத்தைப் பார்த்து அடுத்ததை எழுதுகிறார்கள். அதே வாசகங்கள், சில வேளை அதே எழுத்துப் பிழைகளுடன், அலுவலகம் விட்டு அலுவலகம் போகின்றன. அதனால்தான், இந்த மாவட்டத்தில் கணினி, வலையமைப்புத் தொழில் செய்யும் நாங்கள் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, பொதுவில் எழுதுகிறோம்.

எங்கள் முறைப்பாடு ஒன்றுதான். உங்கள் அலுவலகங்களில் உடைந்துபோவது ஒன்று, நீங்கள் பணம் செலவழிப்பது வேறொன்று. உடைவதைத் திருத்த வேண்டியது பெரும்பாலும் மனித வேலை: மாதத்துக்குச் சில மணித்தியாலங்கள், ஒழுங்காக, கையெழுத்து வைத்துச் செய்யும் வேலை. நீங்கள் வாங்குவதோ பெட்டி.

காப்புப் பிரதியிலிருந்தே தொடங்குகிறோம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களையும் தரவுகளையும் வைத்திருக்கும் பொதுச் சேவையான இலங்கை அரச முகிலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கோரும் தீநிரலால் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் இருந்தன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. கணினியோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அந்தக் காலத்துக்கு இணைப்பில்லாத பிரதி எங்கும் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி நிறுத்தியிருந்தது. நாட்டின் நடுநாயகமான சேவைக்கே இது நேர்ந்தது என்றால், எங்கள் மாவட்டத்துச் சேர்வர் அறைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அறை என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். பெரும்பாலும் அது கணக்குக் கிளையின் மூலையில் ஒரு மேசை. மேசையின் கீழ்த் தட்டில் சேர்வர், மேல் தட்டில் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. அந்தப் பெட்டி சேர்வரில் "இசட்" டிரைவாக நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும். இரவு 11 மணிக்குப் பிரதி தானாக எடுக்கப்படும், காலையில் பச்சை விளக்கு எரியும், எல்லோருக்கும் நிம்மதி. சேர்வரின் நிர்வாகிக் கடவுச்சொல்லும் பெட்டியின் கடவுச்சொல்லும் ஒன்றே. தீநிரல் சேர்வருக்குள் வந்தால் தன் முன்னே தெரியும் எல்லா டிரைவையும் பூட்டும். "இசட்" அதற்கு இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். மின்னல் இறங்கினாலும், கூரை ஒழுகினாலும், திருடன் வந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். இது பிரதி இல்லை, அதே பொருளை இரண்டு தடவை ஒரே இடத்தில் வைத்திருப்பது.

சரியான ஏற்பாட்டுக்கு ஆகும் செலவைப் பாருங்கள். 25 கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்துக்கு 2 டெராபைட் வெளி வன்தட்டு இரண்டு போதும். இரண்டும் விண்டோஸின் பூட்டும் வசதியான பிட்லொக்கரால் மறைகுறியாக்கப்பட வேண்டும். மீட்புச் சாவியை அச்சிட்டு உறையிலிட்டு முத்திரையிட்டு, காசுப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒன்றைச் செருகிப் பிரதி எடுத்து, கழற்றி, வேறோர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த வெள்ளி மற்றது. செருகிய வன்தட்டைக் கழற்றாமல் விட்டால் முழு ஏற்பாடும் வீண். மறதி நடப்பதும் அங்கேதான். ஆகவே கழற்றியவர் பெயர், நேரம், கொண்டு போனவர் கையெழுத்து என்று ஒரு பதிவேடு வேண்டும். வாகன ஓட்டப் பதிவேடு வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது புதிய பழக்கம் இல்லை.

மற்றப் பிரதியை எங்கே வைப்பது என்பதை இந்த மாவட்டத்தில் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையில் கிண்ணியா வைத்தியசாலையே அழிந்துபோனது. மகாவலி பெருகினால் மூதூரும் வெருகலும் நீரில் நிற்கும். உள்நாடு பாதுகாப்பு என்று கந்தளாயைச் சொல்லலாம். ஆனால் 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. ஒரே அபாயத்தைப் பகிராத இரண்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள் என்பதே இதன் பொருள். கரையோர அலுவலகம் உள்நாட்டு அலுவலகத்தோடு ஒரு கடிதம் மூலம் உடன்பாடு செய்து, ஒன்றின் வன்தட்டை மற்றது தன் பெட்டகத்தில் வைத்திருக்கலாம். வாடகை இல்லை, விலைமனுவும் தேவையில்லை.

இதையும் தாண்டி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதே இல்லை: மீட்டுப் பார்த்தல். பிரதி எடுக்கப்பட்டது என்ற அறிக்கை, பிரதி வேலை செய்யும் என்பதற்குச் சான்று அல்ல. தரவுத்தளம் திறந்திருக்கும்போது கோப்பைச் சும்மா நகல் எடுத்தால், பிரதி முழு அளவில் இருக்கும், ஆனால் திறக்காது. சம்பள மென்பொருளின் தரவை எடுத்துவிட்டு அதன் நிறுவல் கோப்பையும் லைசன்ஸ் சாவியையும் எடுக்காமல் விட்டால், தரவு கையில் இருந்தும் சம்பளம் போட முடியாது. இவை இரண்டும்தான் நாங்கள் அடிக்கடி காணும் குறைகள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வெறும் கணினி ஒன்றை எடுத்து, பிரதியிலிருந்து மட்டும் மென்பொருளை எழுப்பி, கடந்த மாதச் சம்பளப் பட்டியலை அச்சிட்டு, கோப்பிலுள்ள பட்டியலோடு கணக்காளர் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அரை நாள் வேலை. இந்த அரை நாளுக்கு எந்த விலைமனுவிலும் ஒரு வரி இல்லை.

இனிப் பயர்வோல். அது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது ஒரு வருட உரிமத்துடன் கூடிய பெட்டி. உரிமம் முடிந்த மறுநாளும் பெட்டி எரியும், இணையம் ஓடும், முறைப்பாடு வராது. உள்ளே நடப்பது வேறு: புதிய தாக்குதல்களை அடையாளம் காணும் பட்டியல் புதுப்பிக்கப்படுவது நிற்கும், தீய தளங்களைத் தடுக்கும் வசதி நிற்கும், பல பெட்டிகளில் பெட்டியின் சொந்த மென்பொருள் திருத்தங்களும் கிடைக்காது போகும். அப்போது வெளியிலிருந்து உள்நுழைவதற்காகத் திறந்து வைத்த விபிஎன் வாசலே ஓட்டையாகிறது. காவலுக்கு வைத்தது கள்ளனுக்கு வழி காட்டும் நிலை.

ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை? சோம்பலால் அல்ல. பெட்டி மூலதனச் செலவில் வாங்கப்படுகிறது. உரிமப் புதுப்பிப்பு வருடந்தோறும் வரும் மீண்டெழும் செலவு. வாங்கிய வருடம் திட்ட நிதி இருந்தது. அடுத்த வருடம் திட்டம் முடிந்துவிட்டது. மீண்டெழும் செலவு மதிப்பீட்டில் அந்த வரியை யாரும் சேர்க்கவில்லை. அதோடு உரிமத்தின் விலை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, முன் வருடத்து மதிப்பீட்டை வைத்திருந்த அலுவலகங்கள் புதுப்பிப்பைக் கைவிட்டது இயல்பானதே. தவறு நடந்தது அந்த வருடத்தில் அல்ல. பெட்டியை வாங்கும்போதே 3 வருட உரிமத்தையும் சேர்த்து விலை கேட்டு, மொத்தத் தொகையை ஒப்பிடாத நாளில்.

பயர்வோல் பொருத்தியும் பயனற்றுப் போகும் இன்னொரு விதம் உண்டு. தொலைபேசி நிறுவனம் தந்த ரவுட்டரிலிருந்து ஒரு கம்பி பயர்வோலுக்குப் போகும். அதே ரவுட்டரின் அடுத்த துவாரத்திலிருந்து இன்னொரு கம்பி, "நெட் ஸ்லோ" என்று சொன்ன கிளையொன்றுக்கு நேரே போகும். ரவுட்டரின் வைபையும் அணைக்கப்படாமல் இருக்கும். சிசிடிவி பதிவுப் பெட்டியைக் கைபேசியில் பார்ப்பதற்காக ரவுட்டரில் துவாரம் திறந்துவிட்டிருப்பார்கள். அதன் கடவுச்சொல் பெட்டியின் கையேட்டில் அச்சிட்டிருப்பதே. விரல் அடையாள வரவு இயந்திரமும் அதே வலையமைப்பில். இவற்றைப் பிரிக்க, முகாமை செய்யக்கூடிய 24 துவார சுவிட்ச் ஒன்றும், ஒரு நாள் வேலையும் போதும்: உத்தியோகத்தர் கணினிகள் ஒரு பிரிவு, கமராவும் வரவு இயந்திரமும் இன்னொன்று, வருவோருக்கான வைபை வேறொன்று. இரண்டாவது பிரிவிலிருந்து முதலாவதற்குப் போகும் வழியை அடைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் எந்தத் துவாரத்திலிருந்து எந்த மேசைக்குக் கம்பி போகிறது என்று ஒரு தாளில் வரைந்து சுவிட்ச் பெட்டியின் கதவுக்குள் ஒட்ட வேண்டும். அந்தத் தாள் இல்லாத அலுவலகத்தில், ஆபத்து நேரத்தில் எந்தக் கம்பியைக் கழற்றுவது என்று தேடவே ஒரு மணித்தியாலம் போகும்.

தூர இருந்து திருத்தும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆள் அனுப்புவது செலவு. ஆகவே மென்பொருள் தந்த நிறுவனம், தூர இருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் பதிந்து, யாரும் "சரி" அழுத்தாமலே உள்நுழையக்கூடிய நிரந்தரக் கடவுச்சொல்லை வைத்துவிட்டுப் போகிறது. அந்தக் கடவுச்சொல் அந்த நிறுவனத்தின் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே. அங்கே வேலை செய்து விலகிப் போனவருக்கும் அது தெரியும். 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சேர்வர்கள் ஊடுருவப்பட்டதாக அறிவித்தது; அந்த வாரம் எங்கள் மாவட்டத்து அலுவலகங்களில் எத்தனை கடவுச்சொற்கள் மாற்றப்பட்டன என்று ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நிரந்தர நுழைவை நீக்கி, ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் இருப்பவர் அனுமதித்தால் மட்டும் திறக்கும்படி மாற்றப் பத்து நிமிடம் போதும்.

வெளியாரின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் இருப்பதன் விளைவை நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரச முகிலிலிருந்து அழிந்தன. அந்தத் தரவுத்தளத்தைப் பராமரித்தது தனியார் நிறுவனமொன்று. உள்நோக்கமா கவனக்குறைவா என்ற கேள்வியை விடுங்கள். ஒரே கணக்கால் மூலத்தையும் பிரதியையும் அழிக்க முடியுமென்றால், என்றோ ஒரு நாள் யாராவது அழிப்பார்கள். இதை எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்: சேவை வழங்கும் எங்கள் கையிலும் அந்த அதிகாரத்தைத் தராதீர்கள்.

மின்னஞ்சல் விடயத்தில் பலர் அறியாத ஒரு சிக்கல் உண்டு. பல கிளைகள் அரச முகவரிக்குப் பதிலாக அலுவலகப் பெயரில் திறந்த ஜிமெயில் கணக்கைப் பயன்படுத்துகின்றன. திறந்தவர் அப்போதைய முகாமைத்துவ உதவியாளர். மீட்பு இலக்கம் அவருடைய கைபேசி. வருடாந்த இடமாற்றத்தில் அவர் அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுவார். கணக்கு பூட்டப்பட்டால் மீட்புக் குறியீடு அவருக்குப் போகும். அவர் சிம் அட்டையை மாற்றி, பழைய இலக்கம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அலுவலகத்தின் கடிதப் பெட்டியைத் திறக்கும் சாவி முன்பின் அறியாத ஒருவர் கையில். இடமாற்றக் கடிதத்துடன் சாவிக்கொத்தையும் இருப்புப் பொருட்களையும் ஒப்படைக்கும் படிவம் உங்களிடம் இருக்கிறது. அதில் இரண்டு வரி சேருங்கள்: கணக்குகளின் மீட்பு இலக்கம் மாற்றப்பட்டதா, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு புதியவரின் கருவிக்கு மாற்றப்பட்டதா. அதற்குப் பத்து டொலர் லைசன்ஸ்கூடத் தேவையில்லை.

பென்டிரைவைத் தடை செய்து சுற்றறிக்கை விடுகிறீர்கள். ஆனால் அலுவலக அச்சு இயந்திரத்தில் டோனர் இல்லாத வாரத்தில், உத்தியோகத்தர் அதே பென்டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கொமியூனிகேஷனுக்குப் போய்த்தான் கடிதத்தை அச்சிடுகிறார். அந்தக் கடைக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பென்டிரைவ்கள் செருகப்படும். திரும்பி வந்து செருகினால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். சொடுக்கியதும் அடுத்த கணினிக்குப் போய்விடும். டோனரை நேரத்துக்கு வாங்குவதும் பாதுகாப்பு வேலைதான். இதேபோல்தான் தமிழ்த் தட்டச்சும். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவும் விசைப்பலகைச் செயலியும் தேடி, கண்ட தளத்திலிருந்தெல்லாம் இறக்குகிறார்கள். கூடவே வேறொன்றும் இறங்குகிறது. விண்டோஸில் யுனிகோட் தமிழ் விசைப்பலகை ஏற்கெனவே உள்ளது. பழைய பாமினிக் கடிதங்களுக்காக, சோதித்த எழுத்துருவையும் மாற்றியையும் அலுவலகச் சேர்வரில் ஒரு கோப்புறையில் வைத்துவிட்டால் யாரும் வெளியே தேடப் போக மாட்டார்கள்.

இன்னொரு அவசரம்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். உங்கள் கணினிகளில் 6ஆம், 7ஆம் தலைமுறை நிறைய. கட்டணம் செலுத்தி நீட்டிப்பு வாங்கலாம். நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டொலர், அடுத்தடுத்த வருடம் இருமடங்காகும், மூன்று வருடத்துக்கு மேல் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் முடியாது. எனவே வரிசை முக்கியம்: பணம் கையாளும் கணினிகளும், பொதுமக்களின் அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள கணினிகளும் முதலில். தட்டச்சுக்கு மட்டும் பயன்படும் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போதும். இந்தக் கணக்கெடுப்பைச் செய்யாமலேயே 60 கணினிகளுக்கும் வைரஸ் தடுப்பு கேட்பது, அத்திவாரம் பாராமல் சுவருக்கு வர்ணம் பூசுவது. உரிமம் வாங்காமல் திருட்டுச் செயற்படுத்தியால் இயக்கப்படும் விண்டோஸில், பெரும்பாலும் வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டே அந்தச் செயற்படுத்தி ஓடும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஏதாவது நடந்துவிட்டால் இன்று செய்யப்படுவது என்ன? முதலில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். அத்தோடு யார், எப்போது, எந்த வழியால் வந்தார்கள் என்ற சான்று முழுவதும் போய்விடுகிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் முறையிட்டாலும் காட்ட எதுவும் இருக்காது. செய்ய வேண்டியது வேறு. வலையமைப்புக் கம்பியைக் கழற்றுங்கள், வைபையை அணையுங்கள், கணினியை அணைக்காதீர்கள், நினைவகத்தில் உள்ளது போய்விடும். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள். நேரத்தை எழுதுங்கள். அந்தக் கணினியில் பென்டிரைவ் செருகாதீர்கள். நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த ஏழு விடயங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு கிளையிலும் ஒட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

இவையெல்லாம் எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அரச நிறுவனங்களுக்கான தகவல் மற்றும் இணையப் பாதுகாப்புக் கொள்கைக்கு 2022இல் அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்தது. சொத்துக்களைக் கணக்கெடுப்பது, பொறுப்பான தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமிப்பது, காப்புப் பிரதி எல்லாம் அதில் உண்டு. அதே வருடத்தின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது. உதவித்தொகை பெறும் ஒரு விதவைத் தாயின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், குடும்ப விபரம் எல்லாம் ஒரே எக்செல் தாளில், கடவுச்சொல் இல்லாமல், வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அந்தத் தாய்க்குத் தமிழில் பேசி, "பணம் வந்திருக்கிறது, குறியீட்டைச் சொல்லுங்கள்" என்று யாரோ அழைப்பு எடுக்கும்போது, அழைத்தவர் கணக்கு இலக்கத்தைச் சரியாகச் சொல்வதால்தான் அந்தத் தாய் நம்புகிறாள்.

இப்போது தனியார் துறைக்கு வருகிறோம்; எங்களுக்கும் இதில் நலன் உண்டு என்பதை மறைக்கவில்லை. இந்த மாவட்டத்தில் வலையமைப்பு, சேர்வர், மென்பொருள் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து வெளியேறுகிறவர்களில் பலர் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் விலைமனு நிபந்தனைகளில் முதல் பக்கத்திலேயே நாங்கள் வெளியேற்றப்படுகிறோம். கேட்கப்படும் புரள்வு எங்கள் தொழிலின் அளவுக்கு ஒத்துவராது. உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம் பெரும் இறக்குமதியாளருக்கே கிடைக்கும். பிணை வைப்பதற்கு வங்கியில் பணம் முடங்கும். வேலை முடித்த பின் கட்டணப் பட்டியலுக்குக் கொடுப்பனவு வர மாதங்கள் ஆகும். பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தை எடுத்து, பொருத்தும் வேலையை எங்களில் ஒருவருக்கே துணை ஒப்பந்தமாகக் கொடுப்பதும் நடக்கிறது. அப்போது வேலை செய்தவரின் பெயர் உங்கள் கோப்பில் இருக்காது. ஆறு மாதத்துக்குப் பின் பிரச்சினை வந்தால் அவரை அழைக்கவும் உங்களுக்கு வழியில்லை.

கொழும்பு நிறுவனங்களைத் தள்ளி வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊடுருவல் சோதனை, தடயவியல், இரவு பகலாகக் கண்காணித்தல் ஆகியவை எங்களால் தனித்துச் செய்ய முடியாதவை. அவற்றுக்கு அவர்கள் வேண்டும். ஆனால் கிண்ணியாவில் ஒரு சுவிட்ச் எரிந்தால் அன்று மதியத்துக்குள் போய் நிற்கக்கூடியவர் நகரத்தில் இருக்கிறார். வேலையைப் பிரித்தால் இருவருக்கும் இடம் உண்டு.

ஆகவே கேட்கிறோம்:

பொருள் வழங்கல், பராமரிப்புச் சேவை, சோதனை மூன்றையும் ஒரே விலைமனுவில் கட்டாதீர்கள். பொருத்தியவரே தன் வேலையைச் சோதித்துச் சான்று தரும் நிலை இருக்கக் கூடாது. பராமரிப்புச் சேவைக்கு மாத மணித்தியாலத்தையும் வந்து சேர வேண்டிய நேரத்தையும் எழுதுங்கள்: 25 கணினி உள்ள அலுவலகத்துக்கு மாதம் 16 மணித்தியாலம், முறைப்பாட்டுக்கு 4 மணித்தியாலத்துக்குள் நேரில் வருதல் என்பது நியாயமான தொடக்கம். வந்து சேரும் நேரத்துக்குப் புள்ளி கொடுத்தால், எவர் எங்கிருந்து வருகிறார் என்பது தானாகத் தீர்மானமாகும்.

கொடுப்பனவில் ஐந்திலொரு பங்கை, பிரதியிலிருந்து மீட்டுக் காட்டிக் கணக்காளர் கையெழுத்திடும் வரை நிறுத்தி வையுங்கள். மீதியைக் கட்டணப் பட்டியல் கிடைத்த 30 நாளுக்குள் தாருங்கள்.

சிறிய சேவை ஒப்பந்தங்களுக்குப் புரள்வு நிபந்தனையை நீக்கி, அதற்குப் பதிலாகச் செய்த வேலையின் சான்றையும், வேலைக்கு வரப்போகும் ஆட்களின் தகைமையையும் கேளுங்கள். பிணைக்குப் பதிலாக விலைமனுப் பிணைப் பிரகடனத்தை ஏற்க வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பெரிய வேலைக்கு உள்ளூர் நிறுவனத்துடன் கூட்டாக வருவோருக்கும், துணை ஒப்பந்தக்காரரின் பெயரை முன்கூட்டியே தருவோருக்கும் இடம் கொடுங்கள்.

உரிமம் எதுவாக இருந்தாலும் 3 வருட விலையைச் சேர்த்து ஒப்பிடுங்கள். புதுப்பிப்புத் திகதியை மீண்டெழும் செலவு மதிப்பீட்டில் ஒரு வரியாகக் கணக்காளர் வைத்திருக்கட்டும்.

எங்கள் மீதும் நிபந்தனை விதியுங்கள். நிரந்தரத் தூர நுழைவு கூடாது. ஒவ்வொரு ஆளுக்கும் அவர் பெயரில் தனிக் கணக்கு. விலகினால் அன்றே மூட வேண்டும். எல்லா நிர்வாகிக் கடவுச்சொல்லும், இணையத்தளத்தின் டொமைன் பதிவும் அலுவலகத்தின் பெயரில் இருக்க வேண்டும், சேவை வழங்குநரின் பெயரில் அல்ல. உங்களுக்காக எழுதிய மென்பொருளின் மூலநிரலையும் தரவுத்தளத்தின் முழு ஏற்றுமதியையும் ஒப்பந்தம் முடிந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊடுருவல் நடந்தால் 24 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். இவற்றை மீறினால் தண்டப்பணம் எழுதுங்கள். நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

விலைமனு ஆவணத்தைத் தமிழிலும் வெளியிடுங்கள். தமிழ் நிர்வாக மொழியாக இருக்கும் மாகாணத்தில், பாதுகாப்பு ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால், அதை ஒப்புக்கொள்ளும் உத்தியோகத்தரே முழுதாக வாசிக்காமல் கையெழுத்திடும் நிலை ஏற்படுகிறது.

இறுதியாக, மேலே சொன்ன வகையான விலைமனு எதுவும் இப்போது திறந்திருந்தால், அதன் முடிவுத் திகதியை ஒரு மாதம் பின்தள்ளி, திருகோணமலையில் விலைமனுவுக்கு முந்திய கூட்டம் ஒன்றை நடத்துங்கள். நாள் குறித்து அறிவித்தால், 25 கணினி உள்ள அலுவலகத்துக்கான மாதிரி வேலைப் பட்டியலையும், பிரதி மீட்புப் பதிவேட்டின் மாதிரியையும், இடமாற்றப் படிவத்தில் சேர்க்க வேண்டிய வரிகளையும் எழுதி எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கணினி, வலையமைப்புத் தொழில் செய்வோர்